விரலுக்கும் எழுத்து வேண்டும்!

ஆசிரியர் கரும்பலகையில் கணக்கு எழுதுகிறார். "இதிலிருந்து இதைக் கழித்தால் இது வரும், பார்த்தீர்களா?" என்று கேட்கிறார். "பார்த்தோம், சார்!" என்று வகுப்பு முழுதும் கூவுகிறது. சுவரோரத்திலே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையும் அந்தக் கூச்சலோடு சேர்ந்து வாயசைக்கிறது. அது பார்க்கவில்லை, அதனால் பார்க்க முடியாது. வருகைப் பதிவேட்டிலே அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது. சத்துணவுக் கூடத்திலே அதன் தட்டு இருக்கிறது. ஆண்டு முடிவிலே தேர்ச்சிப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. கல்வி மட்டும் இல்லை!

குற்றம் யாருடையது? அந்த ஆசிரியரைக் கூண்டில் ஏற்ற நாம் முன்வரவில்லை. அவர் கெட்டவர் அல்லர். பார்வையற்ற பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று அவருக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நெசவு தெரியாதவனைத் தறியிலே உட்கார வைத்துவிட்டு, சேலை எங்கே என்று கேட்பது நியாயமாகுமா? ஆகவேதான் இன்று இந்தப் பத்தியிலே, வழக்கமான அரசியல் கணைகளைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, வகுப்பறைக்குள் நுழைகிறோம். தோழர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும். ஏனெனில் இதுவும் உரிமைப் போராட்டந்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள். மேற்கே விராலிமலை, பொன்னமராவதி. கிழக்கே கடலோரத்து மணமேல்குடி. நகரிலே பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று அரசுப் பள்ளி உண்டு. மேல் வகுப்புகளுக்குத் திருச்சியும் தஞ்சையும் உண்டு. வேண்டியவர்களுக்கு அவை கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் கல்லுடைக்கும் தாயும், படகேறும் தந்தையும், ஏழு வயதுப் பிள்ளையை விடுதியிலே விட்டுவிட்டு வர மனம் கொள்வதில்லை. பிள்ளை ஊர்ப் பள்ளிக்கு வருகிறது. அல்லது வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிடுகிறது. தனிப் பள்ளியா, ஊர்ப் பள்ளியா என்று அறிஞர்கள் வாதிடட்டும். இரண்டும் வேண்டும் என்பது நம் கருத்து. எந்தப் பள்ளியானாலும் அங்கே பாடம் நடக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

"கண் தெரியாத பிள்ளை, பாவம், சும்மா உட்கார்ந்திருக்கட்டும்" என்கிறார்கள் சிலர். இந்தப் பாவம் பார்ப்பதுதான் பெரும் பாவம்! இரக்கம் ஒரு வாய்ச் சோறு போடும். ஓர் எழுத்தைக் கூடக் கற்றுத் தராது. வேறு சிலர், "பாட்டுச் சொல்லிக் கொடுங்கள், நாற்காலி பின்னக் கற்றுக் கொடுங்கள், அது போதும்" என்கிறார்கள். இசையை நாம் இகழ மாட்டோம். குடுமியான்மலைப் பாறையிலே இசைக் கல்வெட்டு இருக்கும் மாவட்டம் இது. நாற்காலி பின்னும் உழைப்பையும் இகழ மாட்டோம். உழைப்பு எதுவும் இழிவல்ல. ஆனால் பார்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையின் தொழிலைப் பிறர் தீர்மானிப்பதா? பிறப்பைக் காட்டித் தொழிலை விதித்த பழைய கொடுமைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வரலாற்றைப் புரட்டுங்கள். பாரிஸ் நகருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர். அவருடைய மகன் லூயி பிரெயில், 1809-இல் பிறந்தவன். மூன்று வயதிலே தகப்பனாரின் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி கண்ணிலே பாய்ந்தது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவியது. இரு கண்ணும் போயின. அந்தச் சேணத் தொழிலாளியின் மகன்தான், 15 வயதிலே, 1824-இல், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் படிக்கும் எழுத்தை உருவாக்கினான். எழுதும் கருவி எது தெரியுமா? அதுவும் ஒரு குத்தூசிதான்! கண்ணைப் பறித்த ஊசியின் இனத்தையே கல்வி தரும் எழுத்தாணியாக்கினான் தொழிலாளி மகன். ஆனால் கண்ணுள்ளவர்கள் அந்த எழுத்தை எளிதில் ஏற்கவில்லை. அவர் 1852-இல் மறைந்தார். பிரான்சு நாடு முறைப்படி அதை ஏற்றது 1854-இல்.

இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழுக்கு அது எத்துணைப் பொருத்தம் என்பதைத் தமிழாசிரியர்களே பலர் அறியார். நம் எழுத்துகள் 247 என்கிறோம். விரலால் படிக்கும் பிள்ளைக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அவற்றோடு மெய்ப்புள்ளிக்கு ஒரு குறி. இவை கைவந்தால் போதும். உயிர்மெய் 216-க்கும் தனி வடிவம் கிடையாது. 'கொ' என்று அச்சிலே எழுதினால் கொம்பு முன்னே நிற்கும், கால் பின்னே நிற்கும், நடுவிலே க. பிரெயிலிலோ க, அடுத்து ஒ. காதில் விழும் ஒலி வரிசை எதுவோ அதுவே விரலுக்கு எழுத்து வரிசை! ஒலியை எழுத்தாகக் கற்பிக்க இதைவிட எளிய வழி உண்டா?

"இப்போதுதான் கைபேசியே படித்துச் சொல்கிறதே, இனி இந்தப் புள்ளி எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி; விடை சொல்கிறோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நாம் வரவேற்கிறோம். ஒவ்வொரு பார்வையற்ற மாணவரும் கணினி பழக வேண்டும். ஆனால் காதால் மட்டுமே தமிழ் கற்ற பிள்ளை, 'அரம்' எது, 'அறம்' எது என்று எப்படி அறியும்? 'வலி', 'வளி', 'வழி' மூன்றும் மூன்று என்று யார் சொல்வது? மனிதன் வாயே ழகரத்தை விழுங்கும் நாட்டிலே, எந்திரத்தின் வாயை நம்பி எழுத்தைக் கைவிடுவதா? கேட்டுப் படிப்பவன் பாடம் அறிவான். தொட்டுப் படிப்பவன் எழுத்தும் அறிவான். இரண்டும் தேவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது, சோறு இருக்கிறதே, தண்ணீர் எதற்கு என்பது போலத்தான்.

சரி, வகுப்பிலே என்ன செய்வது? பெருஞ்செலவு வேண்டியதில்லை. சத்துணவுக்கு முட்டை வந்து இறங்குகிற அட்டை பள்ளியிலேயே கிடக்கிறது. ஆறு குழி உள்ள துண்டாக அதை வெட்டுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. புளியங்கொட்டையைக் குழியிலே போடுங்கள். முதல் குழியில் மட்டும் கொட்டை இருந்தால் அ. ஒன்றிலும் மூன்றிலும் இருந்தால் க. எழுத்துப் பயிற்சி தொடங்கிவிட்டது! அதற்கு முன்பே விரலைப் பழக்க வேண்டும். உளுந்தையும் துவரையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு கம்பையும் கேழ்வரகையும். பார்க்கிற பிள்ளைக்குக் கண் எப்படியோ, இந்தப் பிள்ளைக்கு விரல் நுனி அப்படி.

பிறகு பிரெயில் சிலேட்டு. கெட்டித் தாளைச் சட்டத்திலே மாட்டி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாகி, இடமிருந்து வலமாகப் படிக்கும்படி நிற்கும். எழுதும்போது ஒரு திசை, படிக்கும்போது மறு திசை. கடினமாயிற்றே என்று மலைக்க வேண்டாம். ஈய எழுத்து அச்சுக்கோத்த பழைய தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைகீழ் எழுத்தைத் தடங்கலின்றி வாசித்தவர்கள் அவர்கள். பழக்கம் எதையும் எளிதாக்கும். ஆனால் ஆசிரியருக்கு அது முதலில் பழகியிருக்க வேண்டும்.

கணக்குக்கு டெய்லர் பலகை இருக்கிறது. எட்டு மூலைக் குழிகள்; அவற்றில் செருகச் சிறு உலோக அச்சுகள். அச்சின் ஒரு முனையில் கோடு, மறு முனையில் இரு புள்ளிகள். ஒரு முனைக்கு எட்டுத் திசை. இரு முனைக்குப் பதினாறு குறி. பத்து எண்களும் கூட்டல், கழித்தல் முதலான குறிகளும் அதிலே அடங்கிவிடும். மணிச்சட்டமும் இருக்கிறது. வடிவக் கணிதத்துக்குப் பழைய கல்யாண அழைப்பிதழ் அட்டை போதும். பசை தடவி நூலை ஒட்டினால் முக்கோணம் எழுந்து நிற்கும். மாவட்ட வரைபடமா? எல்லைக்குச் சணல், வெள்ளாற்றுக்கு வழவழப்பான நூல், கிழக்குக் கடற்கரைக்கு மணல். "மணமேல்குடி எங்கே?" என்று கேளுங்கள், விரல் போய் நிற்கும். இவ்வளவு வழி இருக்கும்போது, கணக்கும் அறிவியலும் இவர்களுக்கு ஒத்துவராது என்று மேல் வகுப்பிலே கதவடைப்பது அறியாமை அல்லவா?

வெறும் பொம்மையும் படமும் போதா. பொருளைக் கையிலே கொடுக்க வேண்டும். கோட்டை என்று நூறு முறை சொல்வதைவிட, திருமயம் கோட்டைச் சுவரை ஒரு முறை தடவ வைப்பது மேல். ஏர் என்றால் ஏர். ஏற்றம் என்றால் ஏற்றம். உழவன் வீட்டுப் பிள்ளைக்குக் கூட, ஒருவரும் தொடவிடாமல் காத்ததால், அப்பனின் கலப்பை எப்படி இருக்கும் என்று தெரியாமல் போகிற கொடுமை உண்டு.

நம் முன்னோருக்கு இது புதிதும் அல்ல. பிறவியிலேயே பார்வையற்றவரான அந்தகக்கவி வீரராகவ முதலியார், தம் முதுகிலே பிறரை எழுதச் செய்து எழுத்துகளைக் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிரெயில் பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளிலே, தோலையே ஏடாக்கிய தமிழ்ப் புலவர் அவர்! வழி வேண்டும் என்று தேடியவர்களுக்கு முதுகும் ஏடாயிற்று. தேடாதவர்களுக்குக் கரும்பலகையும் சுவராயிற்று.

காசே செலவில்லாத வழிகளும் உண்டு. கரும்பலகையில் எழுதும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். "இது, அது, இங்கே, அங்கே" என்று கை நீட்டாதீர்கள்; "உன் வலக்கைப் பக்கம், இரண்டடி தூரத்தில்" என்று சொல்லுங்கள். கேள்வி கேட்குமுன் பெயரைச் சொல்லி அழையுங்கள். இல்லையேல் கேள்வி தனக்கா பிறர்க்கா என்று அதற்குத் தெரியாது. அறைக்குள் வந்தால் வந்தேன் என்றும், போனால் போகிறேன் என்றும் சொல்லுங்கள். கதவை முழுக்கத் திறந்து வையுங்கள், அல்லது முழுக்க மூடுங்கள். பாதி திறந்த கதவுதான் நெற்றியைப் பதம் பார்ப்பது. பெஞ்சை இடம் மாற்றினால் அன்றே அறிவியுங்கள். வழி நடத்தும்போது பிள்ளையைப் பிடித்துத் தள்ளாதீர்கள். உங்கள் முழங்கையை அது பற்றிக்கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னே நடங்கள். பிறகு வெள்ளைக் கோலைக் கொடுத்துத் தனியே நடக்கப் பழக்குங்கள். ஒருவர் கையைப் பிடித்தே வாழ்நாள் முழுதும் நடப்பதற்குப் பெயர் வாழ்வல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்வையற்றோர் என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகளில் பலருக்குச் சிறிதளவு பார்வை உண்டு. நல்ல கண்ணுக்கு 60 மீட்டரில் தெரிவது 3 மீட்டரிலும் தெரியாவிட்டால் சட்டப்படி பார்வையின்மை. அதற்கு மேலே, குறைந்த பார்வை என்று ஒரு வகை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு முன் வரிசை இடம், முதுகுப் பக்கமிருந்து வரும் வெளிச்சம், தடித்த கறுப்பு மையில் பெரிய எழுத்து, கைக்கண்ணாடி, கூடுதல் நேரம். இவை கொடுத்தால் புத்தகத்தையே படிப்பார்கள். "படிக்காதே, இருக்கிற பார்வையும் கெட்டுவிடும்" என்பது மூடநம்பிக்கை. பயன்படுத்துவதால் பார்வை தேய்ந்துவிடாது. சிலருக்கு மூக்குக்கண்ணாடி ஒன்றே போதும். அதை ஒருவரும் வாங்கித் தராததால் 'குருட்டுப் பிள்ளை' என்ற பெயர்!

"ஒரு பிள்ளைக்காக வகுப்பையே மாற்றுவதா?" என்று முணுமுணுப்பவர்க்கு ஒன்று சொல்வோம். ஆசிரியர் கரும்பலகையை வாய்விட்டுப் படித்தால் கடைசி பெஞ்சும் கேட்கும். பொருளைக் கையிலே கொடுத்துப் பாடம் நடத்தினால் மக்குப் பட்டம் கட்டப்பட்ட பிள்ளைக்கும் விளங்கும். அந்த ஒரு பிள்ளைக்கு நல்லாசிரியராகிறவர் நாற்பது பிள்ளைகளுக்கும் நல்லாசிரியர் ஆகிறார்.

படித்து என்ன ஆகப்போகிறார்கள் என்கிறீர்களா? மூன்று வயதளவில் பார்வை இழந்த தாஹா ஹுசைன், 1950-இல் எகிப்து நாட்டின் கல்வி அமைச்சர் ஆனார். கல்வி, நீரும் காற்றும் போல எல்லோருக்கும் கிட்ட வேண்டும் என்று முழங்கியவர் அவர். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையிலே ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள் பெனோ செபைன், 2015-இல் இந்திய அயலுறவுப் பணியிலே அமர்ந்தார். முழுமையாகப் பார்வையற்றவர்களில் அப்பணிக்கு வந்த முதல்வர் அவர். மதுரை பூரண சுந்தரி, 2020-இல் வெளியான குடிமைப் பணித் தேர்வு முடிவிலே 286-ஆம் இடம் பெற்றார். பார்வையின்மையைக் காட்டி நீதிபதிப் பணியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. கதவுகள் திறக்கின்றன, ஆனால் அந்தக் கதவு வரை போகும் பாதை ஊர்ப் பள்ளியிலேயே அடைபட்டுக் கிடக்கிறது.

பாதையைத் திறக்க வேண்டியவர்கள் யார்? சட்டம் ஏட்டிலே தெளிவாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. பிரெயில் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்த வேண்டும் என்றது. அதைக் கற்பிக்க மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் அமர்த்து என்றது. சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை 10 பிள்ளைகளுக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று 2022-இல் மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. 2025 மார்ச்சில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைத் தட்டிக் கேட்க வேண்டி வந்தது. ஆணைக்கு மேல் ஆணை! ஆனால் நம் வட்டார வள மையங்களை நம்பிப் பள்ளி பள்ளியாய் அலைந்த சிறப்புப் பயிற்றுநர்கள் கண்டது என்ன? ஆண்டுக்கணக்கிலே தொகுப்பூதியம்; தெருவிலே நின்று பணி நிரந்தரம் கேட்ட போராட்டங்கள். ஒரு பயிற்றுநர் வாரம் ஒரு முறை வந்து போவதால் ஒரு பிள்ளை எழுத்துக் கற்றுவிடுமா? மாதச் சம்பளத்துக்கு உறுதியில்லாத தொழிலாளி, பிள்ளையின் எதிர்காலத்துக்கு உறுதி தருவது எப்படி? ஆலைத் தோழனுக்கு உள்ள நியாயம் அந்த ஆசிரியருக்கும் உண்டு. அவருடைய கோரிக்கை நம் கோரிக்கை.

நாம் கேட்பது இவை. நிரந்தரமான சிறப்புப் பயிற்றுநர்கள் உரிய அளவில் வேண்டும். பார்வையற்ற பிள்ளை உள்ள பள்ளியின் மற்ற ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். பிரெயில் பாடநூல் பள்ளி திறக்கும் நாளிலே கையில் இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் பாதிப் பாடம் முடித்த பிறகு வரும் புத்தகம் பழைய செய்தித்தாளுக்குச் சமம். சிலேட்டு, எழுத்தாணி, டெய்லர் பலகை, வெள்ளைக் கோல் ஆகியவை கேட்காமலே கிடைக்க வேண்டும்.

அரசைக் கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பவர்கள் அல்லர் நம் தோழர்கள். இந்த மாவட்டத்தின் வரலாறு நமக்குத் தெரியும். 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியிலே இடம் கேட்டபோது, பெண் வந்தால் கல்லூரியே கெட்டுவிடும் என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. கல்லூரி கெடவில்லை, நாட்டுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். 1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே எழுந்தது. கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் மாலை நேரத்திலே எழுத்துக் கற்றார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள் என்று நாடு வியந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் செய்து காட்டிய சாதனை அது. கண்ணுக்கு எழுத்துக் கொடுத்த மாவட்டம், விரலுக்கு எழுத்துக் கொடுக்கத் தயங்கலாமா?

ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே தன் ஊரை வீடு வீடாகப் பார்க்கட்டும். திண்ணையிலே உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்டா? பெற்றோரிடம் பேசுங்கள், வட்டார வள மையத்து மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போங்கள், அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள், பள்ளியிலே சேருங்கள். சேர்த்ததோடு நிற்காமல், மாதம் ஒரு முறை போய், பிள்ளை என்ன கற்றது என்று கேளுங்கள். நல்ல குரல் உள்ள தோழர்கள் பாடநூலைப் படித்துக் கைபேசியிலே பதிவு செய்து கொடுங்கள். மேடையிலே இரண்டு மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளைக்காக அரை மணி நேரம் படிக்கத் தெரியாதா? தேர்விலே சொல்வதை எழுத ஆள் வேண்டும் என்றால், அதிகாரிகள் விதிக்கும் தகுதியுள்ள நம் வீட்டு இளைஞர்களை அனுப்புங்கள். முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் நாம் அனுப்பி வைப்போம். பயிற்றுநரை அனுப்பச் சொல்லி அரசின் கதவைத் தட்டுவோம்.

சுவரோரத்திலே வாயசைத்த அந்தப் பிள்ளை, அடுத்த ஆண்டு அந்தக் கணக்கைத் தன் விரலாலே போட்டு, "விடை வந்துவிட்டது, சார்!" என்று எல்லோருக்கும் முந்திக் கூவ வேண்டும். அந்தக் குரல் நம் ஊர்ப் பள்ளியிலே கேட்கும் வரை நமக்கு ஓய்வில்லை.